சிறு நூலகங்களின் இணையதளம்: நடத்தும் முறையும் காக்கும் முறையும்

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கூமாப்பட்டி. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இவ்வூருக்கு அண்மையில் உள்ளன. நெல்லும் தென்னையும் விளையும் ஊர். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கைப்பேசியில் பரவிய சில காட்சிப்படங்களால் இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் தெரியலாயிற்று. படத்தைக் கண்டோர் பலர் ஊரைக் காணப் புறப்பட்டனர். அணைப் பகுதியில் நீராட அனுமதி இல்லை என்பதை அதிகாரிகள் அதன்பின் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியில் யாரையும் குறைகூறுவதற்கில்லை. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஓர் ஊரைப் பற்றிய செய்தி இன்று ஒரே நாளில் உலகெங்கும் பரவுகிறது. அச்செய்தி சரியா, தவறா என்று பார்க்க விரும்புவோருக்கு, ஊராரே பொறுப்பேற்று நடத்தும் இடம் ஒன்று இணையத்தில் இருத்தல் வேண்டும். அத்தகைய இடத்தை நடத்துவதற்கு ஏற்ற அமைப்பு நம் ஊர்களில் முன்பே இருக்கிறது. அதுவே நூலகம். சிறு நூலகம் ஒன்று தனக்கென இணையதளம் அமைத்துக்கொள்வது எவ்வாறு, அமைத்ததைக் காப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நூலகம் யாருடையது?

இந்தியாவில் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் உழைப்பு அதற்கு அடிப்படையாக இருந்தது. அச்சட்டத்தின்படி அமைந்த நூலக ஆணைக்குழுக்களின் கீழ் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடைபெறுகின்றன. நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. இவையன்றி, 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் வாயிலாக ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன.

ஆகவே, இணையதளம் பற்றி எண்ணும்போது முதற்கேள்வி இதுதான்: நம் ஊர் நூலகம் ஆணைக்குழுவைச் சார்ந்ததா, ஊராட்சியைச் சார்ந்ததா? முன்னதாயின் மாவட்ட நூலக அலுவலரின் எழுத்து மூலமான இசைவு பெறவேண்டும். பின்னதாயின் ஊராட்சியில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இசைவோ தீர்மானமோ இன்றி, ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் பெயரில் தொடங்கும் தளம் சில மாதங்கள் நன்றாக நடக்கலாம். அவர் வேலை தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டால் தளமும் அவரோடு போய்விடும்.

எதை வைக்கலாம்?

சிறு நூலகத்தின் தளம் சிறியதாகவே இருப்பது நன்று. நூலகம் திறக்கும் நேரம், விடுமுறை நாட்கள், நூற்பட்டியல், புதிதாக வந்த நூல்கள், வாசகர் வட்டக் கூட்ட அறிவிப்பு, ஊரைப் பற்றிய சரியான விவரங்கள் ஆகியவை போதும். இவற்றோடு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உழவர் தளம் போன்ற நம்பத்தக்க இடங்களுக்கு வழிகாட்டலாம். தென்னையில் வெள்ளை ஈ தாக்கினால் என்ன செய்வது என்று அறிய விரும்பும் விவசாயிக்கு, கண்ட கண்ட இடங்களில் தேடாமல் நேரே சரியான பக்கத்தைக் காட்டுவதே நூலகரின் பணி.

இணையதளங்கள் இருவகைப்படும். எழுதி மாட்டிய அறிவிப்புப் பலகை போன்றது ஒரு வகை. வாசகர் பெயர் பதிந்து உள்ளே நுழைந்து நூல் கேட்பது, கருத்து எழுதுவது போன்ற வசதிகள் உடையது மற்றொரு வகை. முன்னதற்குக் கதவுகள் குறைவு. ஆதலால் கள்வர் நுழையும் வழியும் குறைவு. தொடங்கும்போது முதல் வகையே சிறந்தது என்பது நம் கருத்து. நூற்பட்டியலைக் கணினியில் நடத்த விரும்புவோருக்குத் தேசிய தகவலியல் மையத்தின் ‘இ-கிரந்தாலயா’ என்னும் மென்பொருளும், விலையின்றிக் கிடைக்கும் ‘கோஹா’ என்னும் மென்பொருளும் உள்ளன.

பெயர் என்னும் பட்டா

கோஹாவின் வரலாறு சிறு நூலகங்கள் பெருமைகொள்ளத் தக்கது. நியூஸிலாந்து நாட்டில் லெவின் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்ட ஹொரொவெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய கணினி முறை 2000-ஆம் ஆண்டுக்குப் பின் இயங்காது என்று கண்டு, புதிய மென்பொருள் ஒன்றை எழுதச் செய்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அது பயனுக்கு வந்தது. பின்னர் அதை உலகுக்கு இலவசமாகவே வழங்கினர். மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள். ஆயினும் பிற்காலத்தில் அம்மென்பொருளின் பெயரைத் தாங்கிய இணைய முகவரி ஒரு வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆதலால் அதை வளர்த்த நூலகர்களும் தொண்டர்களும் 2010-ஆம் ஆண்டளவில் வேறு முகவரிக்குக் குடிபெயர நேர்ந்தது. பொருள் நம்முடையதாயினும் பெயர் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

தளப்பெயர் நிலத்தின் பட்டாவைப் போன்றது. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரியவர். தளத்தை வடிவமைத்துக் கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் பதிவு அவர் பெயரில் இருத்தலாகாது. நூலகத்தின் அல்லது ஊராட்சியின் பெயரில், அலுவலகத்துக்கே உரிய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதியவேண்டும்.

பட்டாவுக்கும் தளப்பெயருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டா நிலைத்திருக்கும். தளப்பெயரை உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். தவணை தவறினால், சிறிது அவகாசத்துக்குப் பின் அப்பெயரை எவரும் வாங்கலாம். கைவிடப்பட்ட பெயர்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கின்றனர். நேற்றுவரை நூற்பட்டியல் இருந்த இடத்தில் இன்று சூதாட்டக் களம் இருக்கும். அதைப் பள்ளிப் பிள்ளை திறந்து பார்க்கும். ஆதலால் புதுப்பிக்க வேண்டிய நாளை, வரி கட்டும் நாளைப்போல நூலகச் சுவரிலேயே எழுதி வைக்கவேண்டும்.

சாவியும் இரண்டாம் பூட்டும்

உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் நூலகம் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் கணினிக் கொள்ளையரால் தாக்கப்பட்டது. தளம் முடங்கிற்று, பணியாளர், வாசகர் ஆகியோரின் விவரங்கள் களவு போயின. கொள்ளையர் கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. நூற்பட்டியலைப் பொதுமக்கள் மீண்டும் இணையத்தில் காண்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதி ஆயிற்று. நடந்ததை மறைக்காமல் அந்நூலகம் 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. வெளியார் தொலைவிலிருந்து வேலை செய்ய ஏற்படுத்திய வாயில் ஒன்றில், கடவுச்சொல்லுக்கு மேற்பட்ட இரண்டாம் பூட்டு இல்லாதிருந்ததை அவ்வறிக்கை எடுத்துக் காட்டுகிறது.

பெரிய நூலகத்துக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எண்ணுதல் தவறு. கொள்ளையர் ஊர்பார்த்து வருவதில்லை. பூட்டாத கதவு எங்கே இருக்கிறதென்று அவர்களுடைய இயந்திரங்கள் இரவும் பகலும் உலகெங்கும் தட்டிப் பார்த்தவண்ணம் இருக்கின்றன. சிறு தளத்தைக் கைப்பற்றி, அதனுள் போலிப் பக்கம் ஒன்றை ஒளித்து வைப்பது அவர்களுக்கு எளிது. “உழவர் உதவித்தொகை பெற இங்கே பதிவு செய்க” என்று நம் நூலகத்தின் பெயரிலேயே ஒரு பக்கம் வந்தால், அதை நம்பி வங்கி விவரங்களைக் கொடுக்கும் விவசாயியின் நிலை என்னாவது? நூலகம் சேர்த்து வைத்த நம்பிக்கையே அவருக்குப் பகையாகிவிடும்.

எனவே கடவுச்சொல் நீண்டதாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து அமைத்தால் நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பது அரிது. ஊர்ப்பெயர், பிறந்த ஆண்டு ஆகியவை ஆகா. ஒரு சாவியைப் பலர் பகிரலாகாது. ஒவ்வொருவருக்கும் தனிச்சாவி வேண்டும். பணிமாற்றம் பெற்றுச் செல்வோரின் சாவியை அன்றே நீக்கவேண்டும். கடவுச்சொல்லோடு, கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டைக் கட்டாயம் அமைக்கவேண்டும். அந்த எண்ணைத் தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லலாகாது.

தளத்தின் முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். அவ்வாறு இல்லாத தளத்தில் எழுதுவது அஞ்சலட்டையில் எழுதுவது போல. வழியில் உள்ளோர் படிக்கலாம். அவ்வாறு இருப்பின் ஒட்டிய உறையைப் போல. இதற்கான சான்றிதழ் இக்காலத்தில் விலையின்றியே கிடைக்கிறது.

குடிமராமத்து

கண்மாயை வெட்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆண்டுதோறும் வண்டல் எடுத்து, கரையைப் பலப்படுத்தி, மடையையும் கலுங்கையும் பழுதுபார்த்தால்தான் மழைக்குக் கரை தாங்கும். எலி வளை அளவான ஓட்டை பெருவெள்ளத்தில் உடைப்பாக மாறும். இணையதளமும் அத்தகையதே. தளத்தை இயக்கும் மென்பொருளில் ஓட்டைகள் கண்டறியப்படும்போதெல்லாம், அதை ஆக்கியோர் திருத்தம் வெளியிடுகின்றனர். திருத்தம் வெளியான செய்தி கள்வருக்கும் தெரியும். ஆதலால் அதைத் தள்ளிப்போடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயன்படாத துணை மென்பொருள்களை நீக்கிவிட வேண்டும். வாரம் ஒருமுறை தளத்தைத் திறந்து, நாம் எழுதாத பக்கம் ஏதேனும் முளைத்திருக்கிறதா என்று பார்த்தல் நலம். நூலகக் கணினியும் அவ்வாறே பேணப்படவேண்டும். தளத்தின் சாவி அதில்தானே இருக்கிறது.

ஒரே படி போதாது

1981-ஆம் ஆண்டு, மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த நாளில், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறெங்கேனும் படி இருக்கலாம். ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துப் படிக்கும் அது இல்லை. அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கணினிவழிப் பாதுகாத்துவரும் ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. படிகள் பல இடங்களில் இருந்தால் ஓரிடத்து நெருப்பு முழுவதையும் அழிக்காது.

நம் நூலகத்திலும் அவ்வாறே செய்யலாம். தளத்தின் முழுப்படியையும் நூற்பட்டியலையும் மாதம் ஒருமுறை நகலெடுத்து, ஒன்றை நூலகக் கணினியிலும், ஒன்றைத் தனித் தட்டில் பதிந்து ஊராட்சி அலுவலகப் பெட்டியிலும், ஒன்றை வெளியூரில் உள்ள பாதுகாப்பான இடத்திலும் வைக்கவேண்டும். நகலெடுத்தவுடன் தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்த தட்டைக் கொள்ளையர் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடுவர். ஆண்டுக்கு இருமுறை, அந்நகலிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்கவேண்டும். முளைக்குமா என்று சோதிக்காத விதையை நம்பி எவரும் நாற்றங்கால் இடுவதில்லை அன்றோ?

உறுப்பினரின் விவரங்கள்

இன்னார் இன்ன நூலை வாங்கிப் படித்தார் என்பது அவருக்கும் நூலகருக்கும் மட்டுமே உரிய செய்தி. உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றைத் தளத்தில் வைத்தலாகாது. தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு. இல்லாத பொருளை எவரும் திருட முடியாது. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. போட்டியில் பரிசு பெற்ற பிள்ளையின் படத்தை வெளியிடுமுன் பெற்றோரைக் கேட்பது முறையும் ஆகும், சட்டமும் ஆகும்.

தீங்கு நேர்ந்தால்

தளம் கைப்பற்றப்பட்டது தெரிந்தால் பதறவேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முதலில் தளத்தை நிறுத்தவேண்டும். “நம் தளத்தை இப்போது நம்பவேண்டாம்” என்று நூலக வாயிலிலும் ஊராட்சிப் பலகையிலும் எழுதவேண்டும். பழுதில்லாத வேறு கணினியிலிருந்து எல்லாச் சாவிகளையும் மாற்றவேண்டும். அரசு அமைப்புகள் இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் ஆணை. எவரேனும் பணம் இழந்திருந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லவேண்டும். ஓட்டையை அடைத்த பின்னரே நகலிலிருந்து தளத்தை மீட்கவேண்டும்.

ஊராட்சி செய்யவேண்டுவன

இவை யாவும் பெரும்பொருள் செலவாகும் காரியங்கள் அல்ல. வேண்டுவது ஒழுங்கே.

1. தளப்பெயர், புதுப்பிக்கும் நாள், சாவி வைத்திருப்போர் பெயர், நகல் இருக்கும் இடம் ஆகியவற்றை, கிணறு, கட்டடம் போன்ற பொதுச்சொத்துக்களோடு பதிவேட்டில் எழுதுக. கடவுச்சொல்லை மட்டும் பதிவேட்டில் எழுதாமல், முத்திரையிட்ட உறையில் வைத்துப் பூட்டுக.

2. நூலகர் ஒருவர், ஊராட்சியைச் சார்ந்தவர் ஒருவர் என இருவரேனும் சாவி உடையவராக இருக்கட்டும்.

3. புதுப்பிக்கும் கட்டணத்தை ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்குக.

4. திருத்தம் சேர்த்த நாளையும் நகல் எடுத்த நாளையும் மாதந்தோறும் குறித்து, வாசகர் வட்டக் கூட்டத்தில் படிக்கச் செய்க.

5. நடத்த இயலாத நிலை வந்தால் தளத்தை அநாதையாக விடாமல், அறிவித்து முறையாக மூடுக.

கண்மாய்க் கரையில் உடைப்பு என்றால் ஊரே மண்வெட்டியோடு ஓடும் மரபு நம்முடையது. நூலகத்தின் இணையதளமும் அவ்வாறே ஊரின் பொதுச்சொத்து என்னும் எண்ணம் உறுப்பினர்களிடையே வேரூன்றினால், அதைக் காக்கும் வழிகள் தாமே கைகூடும். அடுத்து நடைபெறும் கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டு, முதலில் தளப்பெயர் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கேட்டறிய அன்பர்கள் முன்வருவார்களாக.