ஒதுங்கியிருக்கும் பூனை

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பூனைகளுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நுண்சில்லு பொருத்தி உரிமம் பெற வேண்டும். இவற்றைச் செய்து முடிப்பது எளிது. வீட்டுக்கு வந்த பூனையின் குணத்தைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

ரஷ்யன் புளூ இனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீலம் கலந்த சாம்பல் நிற உரோமமும் பச்சை விழிகளும் கொண்ட இதன் அழகில் மயங்கி வாங்குவோர், இது கூச்ச சுபாவம் உடையது என்பதைப் பிறகே அறிகின்றனர். பழகியவர்களிடம் பாசமாக இருக்கும். புதியவர் குரல் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இத்தகைய பூனைக்கு முதல் சில நாள்கள் ஒரே ஓர் அறை போதும். உணவும் நீரும் ஒரு பக்கம், மணல் தட்டு எட்டத்தில் மறுபக்கம் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வேண்டும். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய பூனை, காலிப் பெட்டியையே பெரிதும் விரும்புவது வேடிக்கைதான்! ஒளிந்திருக்கும் பூனையைக் கையால் இழுத்து வெளியே எடுக்கக்கூடாது. அருகில் தரையில் அமர்ந்து புத்தகம் படிக்கலாம். உற்றுப் பார்ப்பதைப் பூனை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். கண்களை மெதுவாக மூடித் திறந்தால் அதன் அச்சம் தணியும். ஒரு நாள் அதுவே வந்து காலில் உரசும்.

தீபாவளிக்கு உறவினர் கூடும்போது பூனையை அமைதியான அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடலாம். குழந்தைகளுக்குக் காட்டுவதற்காகத் தூக்கிவந்தால், வாரக்கணக்கில் வளர்ந்த நம்பிக்கை போய்விடும். திறந்த வாசல் வழியாக அது ஓடிவிடவும்கூடும். அடுக்குமாடி வீட்டின் சன்னல்களுக்கு வலை கட்டாயம் தேவை.

கூச்சத்திற்கும் நோய்க்கும் வேறுபாடு அறிவது இன்னும் முக்கியமானது. பூனைகள் வலியை மறைப்பவை, நோயுற்றாலும் ஒளிந்துகொள்ளும். எனவே, அது எவ்வளவு உண்கிறது, மணல் தட்டை எத்தனை முறை பயன்படுத்துகிறது என்பதை நாள்தோறும் கவனிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் உண்ணாத பூனையை, ‘கூச்சம்தானே’ என்று விட்டுவிடாமல் விலங்கு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் தவிக்கும் ஆண் பூனைக்குச் சில மணிநேரத் தாமதமும் ஆபத்து. பூனையை எடுத்துச்செல்லும் கூண்டை அலமாரியில் பூட்டி வைக்காமல், பழைய துண்டு விரித்து அறையிலேயே திறந்து வைத்திருந்தால், அவசர நேரத்தில் அது மிரளாமல் உள்ளே செல்லும்.