உண்ட வீட்டுக் கணக்கு



நன்றி என்றால் என்ன என்று கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில்தான் நம் வயல் விளைகிறது. வயல் விளைந்தால்தான் நம் கல்லாவும் நிறைகிறது. அந்த அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் பென்னிகுயிக்கின் படம் நம் பகுதிக் கடைகளிலும் வீடுகளிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாளில் விவசாயிகள் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

நூறு ஆண்டுக்கு முன் உதவிய ஒரு வெள்ளைக்காரரை மறவாத நாம், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கடனை மறந்துவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அதுதான், நாம் சிறுவயதில் தங்கிப் படித்த விடுதிக்கு உரிய கடன்.

தேனி அல்லிநகரத்தில் இன்று கடை வைத்திருப்பவர்களில் பலர், வருசநாடு, மேகமலை, போடி மலைப்பக்கம் என்று தொலைவான ஊர்களிலிருந்து வந்து, ஏதாவது ஒரு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சிலர் மிஷன் போர்டிங்கில் இருந்தோம். சிலர் கள்ளர் சீரமைப்பு விடுதியிலும், ஆதிதிராவிடர் நல விடுதியிலும், பிற்படுத்தப்பட்டோர் விடுதியிலும் இருந்தோம். சிலர் அறக்கட்டளை நடத்திய இல்லங்களில் வளர்ந்தோம். எந்த விடுதியாக இருந்தாலும் ஒன்று பொது. யாரோ கொடுத்த அரிசியில், யாரோ ஓர் அம்மா சமைத்துப் போட்ட சோற்றில் நம் எழுத்தறிவு வளர்ந்தது.

கடன் யாருக்கு?

வாங்கியவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் கடனை அடைக்கும் முறை. ஆனால் விடுதிக் கடனில் அது முடிவதில்லை. அன்று சமைத்த அம்மா இன்று இல்லை. அரிசி அனுப்பிய புண்ணியவான் யாரென்றே நமக்குத் தெரியாது. அப்படியானால் இந்தக் கணக்கை யார் பெயரில் வரவு வைப்பது?

இதற்கு விருதுநகரிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அங்குள்ள சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கப்பட்டது. அது விடுதியல்ல, பள்ளிக்கூடம்தான். ஆனால் அதை நடத்திய முறை வணிகர்களாகிய நாம் அனைவரும் கற்க வேண்டியது. பேட்டையில் இறங்கும் சரக்கின் மேல் இவ்வளவு என்று வணிகர்கள் தாங்களே ஒரு சிறு தொகையை ஒதுக்கினார்கள். அதற்கு மகமை என்று பெயர். வீடுகளில் சோறு ஆக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அது பிடி அரிசி. ஆகவே அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள் சம்பளம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராசர். தந்தை இறந்த பின் குடும்பச் சூழ்நிலையால் அவர் படிப்பை இடையில் விட்டுக் கடையில் நிற்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் முதலமைச்சரானபோது அவர் என்ன செய்தார்? பிடி அரிசி கொடுத்த ஒவ்வொரு வீட்டையும் தேடிப்போய் அரிசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கெல்லாம் மதிய உணவு போட வழி செய்தார். 1956-இல் ஊர்மக்களின் நன்கொடையைக் கொண்டு தொடங்கிய அந்தப் பணி, 1957-இல் அரசின் பண உதவியோடு விரிவடைந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: உண்ட வீட்டுக் கடனை, அடுத்து உண்ண வருகிறவனிடம்தான் அடைக்க வேண்டும்.

சோறு முதலில், கட்டடம் பிறகு

இன்னொரு நிகழ்ச்சியையும் பாருங்கள். சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சென்னையில் பணியாற்றிய காலத்தில், கோயம்புத்தூரில் பிளேக் நோய்க்கு ஒரு குடும்பத்துப் பெரியவர்கள் பலியாகிச் சிறுவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்காக மனம் இரங்கிய சுவாமிகளின் தூண்டுதலால், ராமு என்று அன்போடு அழைக்கப்பட்ட ராமசாமி ஐயங்காரும், அவருடைய உறவினர் ராமானுஜாச்சாரியும் 1905-இல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மாணவர் இல்லத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியபோது இருந்தவர்கள் ஏழு மாணவர்கள்தான். இடமோ வாடகை வீடு.

அரசு அலுவலில் இருந்த ராமானுஜாச்சாரி, நாடகங்கள் போட்டு இல்லத்துக்கு நிதி திரட்டினார். சொந்தக் கட்டடம் எழும்பியது 1921-இல்தான். அதாவது பதினாறு ஆண்டுகள் வாடகை இடத்திலேயே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளியும் தொழிற்கல்வியும் அதனோடு சேர்ந்தன. நூறாண்டைக் கடந்து அந்த இல்லம் நிலைத்து நிற்கிறது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் சோறு, பிறகு கட்டடம். நாம் பழைய மாணவர்களாகக் கூடும்போது பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். வளைவு கட்டுவோம், பீரோ வாங்குவோம், மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று பேர் பெயரை எழுதுவோம். அரிசியில் பெயர் எழுத முடியாது. அது வெந்து, உண்டு, மறுநாள் காணாமற் போய்விடும். அதனாலேயே அதற்குக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை.

நான் செய்த தவறு

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், தவறு செய்தவன் என்ற தகுதி உண்டு. நான் படித்த விடுதிக்கு என் கடையிலிருந்துதான் சில ஆண்டுகள் மளிகை போயிற்று. விடுதியின் பெயர் இங்கே வேண்டாம். ஓர் ஆண்டு பழைய மாணவர் சந்திப்பு விழா எடுத்தோம். பந்தல், பேனர், நினைவுப் பரிசு, எல்லோருக்கும் பொன்னாடை, கறி விருந்து. விழாக் குழுவில் நானும் ஒருவன். செலவுச் சிட்டையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அன்று மாலை பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே வார்டன் என் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, ரெண்டு சிப்பம் அரிசி வேணும். பழைய பாக்கியோட எழுதிக்கிடுங்க" என்றார். பேரேட்டைப் புரட்டினேன். மூன்று மாத பாக்கி நின்றது. பந்தலுக்கும் பேனருக்கும் நாங்கள் கொடுத்த தொகை அந்த பாக்கியைவிட அதிகம். அரிசியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். ஆனால் குழுவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. விழா நடந்த மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஜூன் மாதம் விடுதியில் சேர்க்கையைக் குறைத்துக்கொண்டார்கள். மலையிலிருந்து பெட்டியோடு வந்த பிள்ளைகள் சிலர் திரும்பிப் போனார்கள். அதில் ஒரு பையன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கிடைத்த இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. என் பேரேட்டில் அந்த விடுதியின் பாக்கி பின்னர் தீர்ந்துவிட்டது. இந்த பாக்கி மட்டும் தீரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வணிகர்கள். மனம் இரங்குவதோடு நில்லாமல் கணக்கும் போட வேண்டும். அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். மூன்று வேளைக்கும் சேர்த்து ஆளுக்கு 400 கிராம் அரிசி என்றால் நாள் ஒன்றுக்கு 24 கிலோ. அதாவது ஏறத்தாழ ஒரு 25 கிலோ சிப்பம். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு 300 சிப்பம்.

முந்நூறு சிப்பம் என்றால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த விடுதியில் படித்து இன்று சம்பாதிக்கிறவர்கள் 150 பேர் கிடைத்தால், ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டே சிப்பம்தான். கிலோ ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2500 ரூபாய். நாளைக்கு ஏழு ரூபாய்கூட ஆகாது. ஒரு டீயின் விலைக்கும் குறைவு.

கோயில்களில் கட்டளை என்ற முறை இருக்கிறது. இன்ன நாள் பூசை இன்னாருடையது என்று எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாக நடத்துவார்கள். அதே முறையை விடுதிக்கும் வைக்கலாம். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய மாணவர் பொறுப்பு.

இதில் முக்கியமானது நாள் பங்கீடு. இப்போது நடப்பது என்ன? தீபாவளி, பொங்கல், தலைவர்கள் பிறந்த நாள் என்றால் ஒரே நாளில் நாலு பேர் இனிப்போடு வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு வயிறு கொள்வதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டு, பாய், பெட்டி என்று செலவு மேல் செலவு. அப்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. சரக்கு வரத்து அதிகமான நாளில் விலை விழுகிறது, வரத்தில்லாத நாளில் ஏறுகிறது என்பதை அறிந்த நமக்கு இதைப் பங்கிட்டுச் சீராக்குவது பெரிய வேலையா?

மகமை முறை இன்றும் பொருந்தும். தேனியிலேயே மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்துவதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் இந்த வழி ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. கல்லா உள்ள எவரும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி வைக்கலாம். விற்கும் மூடைக்கு ஒரு ரூபாய் போட்டு வந்தால் ஆண்டு முடிவில் அதுவே இரண்டு சிப்பமாகிவிடும்.

செய்யக் கூடாதவை

முதலாவதாக, விற்காத சரக்கைத் தள்ளிவிடும் இடமாக விடுதியை நினைக்கக் கூடாது. வண்டு விழுந்த பருப்பும், தேதி முடியும் பிஸ்கட்டும் தானமாகாது. நம் வீட்டுக்கு எடுக்கும் அரிசி எதுவோ அதையே கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்கக் கூடாது. கையில் நோட்டோடு நின்ற வரிசை நமக்கே நினைவிருக்கும். அந்தக் கூச்சத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக, ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது. வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் அதுவே பாதுகாப்பு. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் பொருளாகக் கொடுத்தாலும், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. கடைச் சரக்கைத் தானம் செய்தால், அதற்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்வது நல்லது. அரசு விடுதியாக இருந்தால் காப்பாளரையும் துறை அலுவலரையும் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் வழியில்தான் கொடுக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் உறுப்பினர்களில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்த விடுதிகளில் இன்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?

2. நம் கடைகளில் பற்று வைத்திருக்கும் விடுதிகள் எவை? பாக்கி ஏறுவது தெரிந்தவுடன் பழைய மாணவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை யார் ஏற்பது?

3. அடுத்த சந்திப்பு விழாவின் செலவில் பாதியை அரிசிக் கணக்கில் வரவு வைக்கத் தயாரா?

இரண்டாவது கேள்வி நமக்கே உரியது. ஒரு விடுதியில் அடுப்பு எரிய முடியாத நிலை வருவதை ஊரில் முதலில் அறிபவர் கலெக்டரல்ல, தலைமையாசிரியருமல்ல. பற்று எழுதும் மளிகைக்கடைக்காரர்தான். நம் பேரேட்டில் அந்தச் செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. நான் அதைப் படித்தும் வாய்திறவாமல் இருந்தேன். நீங்கள் அப்படி இருந்துவிட வேண்டாம்.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். நாம் நம் பேரேட்டில் ஒரு பக்கத்தையாவது ஒதுக்குவோம். இன்று கடை கட்டும் முன், படித்த விடுதியின் பெயரை அந்தப் பக்கத்தின் தலைப்பில் எழுதி, முதல் சிப்பத்தைப் பற்று எழுதுங்கள்.