வாள் பேசும் காதல்

கொரிய இயக்குநர் லீ மியோங்-சேயின் 'டூயலிஸ்ட்' (2005) படத்தைக் கதைக்காகப் பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஜோசன் அரசர் காலம். நாட்டில் கள்ள நாணயம் பரவுகிறது. பின்னணியில் ஓர் அமைச்சரின் சதி. துப்பறியும் நம்சூன், அமைச்சரின் வாள்வீரனிடமே மனதைப் பறிகொடுக்கிறாள். இவ்வளவுதான்.

நம்சூனின் தொழிலை மட்டும் விளக்க வேண்டும். அக்காலக் கொரியாவில் பெண்கள் வாழும் உள்வீட்டுக்குள் அந்நிய ஆண்கள் நுழைவதில்லை. அங்கே விசாரிக்க 'தாமோ' என்ற பணிப்பெண்கள் அனுப்பப்பட்டனர். தேநீர் தயாரிக்கும் பெண் என்பதே அச்சொல்லின் பொருள். சமூகத்தில் அவர்கள் தாழ்ந்த நிலையினர். ஆனால் ஆண் காவலர் போக முடியாத இடத்திற்குப் போனவர்கள்.

இனி நான் பாடமாக எடுக்கும் காட்சி. இரவு, ஒடுங்கிய சந்து. சுவரின் நிழல் பாதையை வெட்டி நிற்கிறது. அவனிடம் நீண்ட வாள். அவளிடம் இரு குறுவாள்கள். நிழலுக்குள் போனால் ஆளே இல்லை, வெறும் கறுப்பு. வெளிச்சத்துக்கு வரும்போது ஒரு தோள், ஒரு வாள்நுனி, ஒரு முகம். உடல்கள் நெருங்கி விலகுவது நடனம் போலவே இருக்கிறது.

"அழகு மட்டுமே, உள்ளே ஒன்றுமில்லை" என்பார் சிலர். படத்தின் சந்தைக் கூத்துகளுக்கு அது பொருந்தலாம்; இந்தச் சந்துக்குப் பொருந்தாது. இங்கே காதல் வசனம் தேவைப்படவில்லை. அவள் அவனைப் பிடிக்க வந்தவள், அவன் தப்ப வேண்டியவன். இருவருமே சண்டை முடிவதை விரும்பவில்லை.