மலை நாட்டின் மறைபசி

கேள்வி: பூட்டானை மகிழ்ச்சியான நாடு என்கிறார்களே, அங்கே சாப்பாட்டுக்குக் குறையே இல்லையா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: வயிறு நிறைகிறது, சத்துதான் குறைகிறது.

நிலத்தில் குறைந்தது 60 சதவீதம் காடாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. மீதியிலும் செங்குத்து மலைகள்தான் அதிகம். பாரோ, புனாக்கா போன்ற பள்ளத்தாக்குகளும் மலைச்சரிவுப் படிவயல்களுமே உழவுக்கு மிஞ்சுகின்றன. விளைந்ததிலும் காட்டுப்பன்றியும் குரங்கும் பங்கு கேட்கின்றன. கிராமங்கள் மின்வேலி போட்டுக் காக்கின்றன. இப்படி விளைச்சல் போதாததால், உண்ணும் அரிசியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போகிறது.

அது நன்கு தீட்டிய வெள்ளை அரிசி. தவிட்டோடு தயமின் என்ற பி1 வைட்டமினும் போய்விடும். விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு வந்தபோது, சந்தேகம் இந்தக் குறைபாட்டின் மேல்தான் விழுந்தது. 2017 முதல், சத்துகள் சேர்த்துச் செறிவூட்டிய அரிசி பள்ளிச் சமையலறைகளுக்கு வந்தது. உலக உணவுத் திட்டம் பல்லாண்டுகள் துணைநின்ற பள்ளி உணவை இப்போது அரசே நடத்துகிறது.

ஆனால், அரிசியைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அங்கே மிளகாய் காரத்துக்கு அல்ல, அதுவே காய்கறி! மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த 'எமா தட்சி'தான் அன்றாடக் குழம்பு. அதன் பக்கத்தில் பள்ளித் தோட்டத்துக் கீரை, முட்டை, பருப்பு, பும்தாங் பகுதி மக்களின் பழைய தானியமான பக்வீட் எல்லாம் வந்து சேர வேண்டும். தட்டில் நிறங்கள் கூடினால்தான் மகிழ்ச்சி முழுமையாகும்.