இனிப்புநீர் உள்ள வீட்டுக்கு: ஆல்புமின் பரிசோதனைக் குறிப்புகள்

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். காப்பாரில் இன்று பல வீடுகளில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. ஆனால் இனிப்புநீரால் பழுதாகக்கூடிய சிறுநீரகத்தின் நிலையை அது சொல்லாது.

1. கிளினிக் கெசிஹாத்தானில் "சிறுநீரில் மைக்ரோஆல்புமின் பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆல்புமின் ரத்தத்தில் ஓடும் புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகத் தொடங்கும்போதே கசியும். சாதாரணக் குச்சிப் பரிசோதனைக்குச் சிறு கசிவு பிடிபடாது. மைக்ரோஆல்புமின் பரிசோதனையில் ஆல்புமினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். மனித ஆல்புமினை ஆடு போன்ற பிராணிக்கு ஊசி போட்டால், அதன் உடம்பே இந்த எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். எதிர்ப்பொருளும் ஆல்புமினும் சேர்ந்தால் சிறுநீர் கலங்கும்; எவ்வளவு கலங்கியது என்பதை இயந்திரம் அளக்கும். எதிர்ப்பொருளைக் கொண்டு சிறிதளவு ஆல்புமினையும் அளக்கும் வழியை 1963இல் லண்டனில் ஹாரி கீனும் அவருடைய சகாவும் வெளியிட்டார்கள்.

2. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே நல்லது. முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள்.

3. முதல் நாள் ஃபுட்சால் ஆடியிருந்தாலோ, காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, மாதவிலக்கு இருந்தாலோ தேதியைத் தள்ளிப் போடுங்கள். அளவு பொய்யாக ஏறிவிடும்.

4. கிளினிக்கில் கொடுத்த டப்பாவைத் தவிர வேறெதிலும் பிடிக்க வேண்டாம். ஹார்லிக்ஸ் போத்தலைக் கழுவிக் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் இருக்கிறது! உடனே கொடுக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ்பெட்டியில் வேண்டாம், வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

5. முடிவுத் தாளில் ஏ.சி.ஆர். (ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம்) என்று இருக்கும். மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவு என்றால் பயமில்லை. கூடியிருந்தால் உடனே கலங்காதீர்கள். சில மாதங்களில் மூன்று தடவை பார்த்து, இரண்டில் கூடினால்தான் உறுதி செய்வார்கள்.

6. நுரை வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கசிவு தொடங்கும்போது நுரை தெரியாது.

7. டாக்டர் தந்த பிரஷர் மாத்திரையை, "பிரஷர்தான் சரியாகிவிட்டதே" என்று நிறுத்தாதீர்கள். சில வகை மாத்திரைகள் ஆல்புமின் கசிவையும் குறைக்கும்.

8. மூட்டுவலிக்குப் பாசார் மாலாமில் வாங்கும் ஜாமுவில் எம்.ஏ.எல். பதிவெண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்; ஸ்டீராய்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலிமாத்திரையும் கலந்த ஜாமு பிடிபட்டிருக்கிறது. பதிவு பெற்றதானாலும், சாப்பிடுமுன் பாக்கெட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.