வீட்டு வளாகத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய்: வாங்குமுன் கவனியுங்கள்

பழைய தரைவீடு ஒன்றைப் பார்க்கப் பிள்ளைகளோடு நீங்களும் போகிறீர்கள். வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், சிமெண்டுத் தரையில் கனமான ஓர் இரும்பு மூடி. அது மேன்ஹோல். அதன் கீழே அந்த வீட்டின் கழிவுநீர் மட்டுமல்லாமல், அக்கம்பக்கத்து வீடுகளின் கழிவுநீரும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதற்காக வீடே வேண்டாம் என்று திரும்பிவிடத் தேவையில்லை. சிங்கப்பூரின் பழைய தரைவீட்டுப் பேட்டைகள் சிலவற்றில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வீட்டு மனைகளின் ஊடாகவே செல்கிறது. வாளிக் கழிவறைகள் இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1987ல்தான் அவை முற்றாக ஒழிந்தன. அதற்கு முடிவு கட்டியவை இந்தக் குழாய்களே. குழாய் நல்ல நிலையில் இருந்து, மூடியைத் திறக்க வழியும் இருந்தால் உடல்நலத்துக்குக் கேடில்லை. குழாயின்மேல் எதையாவது கட்டி மறைத்த வீடுகளில்தான் தொல்லை.

ஆகவே, முதலில் மூடியைத் தேடுங்கள். சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார்களா? மூடியின்மேல் ஓடு பதித்திருக்கிறார்களா? பூந்தொட்டிகளும் அலமாரியும் அதை மறைக்கின்றனவா? பொதுக் கழிவுநீர்க் குழாயின் மேலோ அதை ஒட்டியோ கட்டுவதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும். குழாயைப் பார்வையிடவும் பழுதுபார்க்கவும் அதன் அதிகாரிகள் வளாகத்துக்குள் வரலாம். அனுமதியின்றிக் கட்டியதை அகற்றச் சொல்லவும் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டியவர் முந்தைய உரிமையாளராக இருந்தாலும், வீட்டை வாங்கிய பிறகு அலைச்சல் உங்களுக்குத்தான்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. குழாய் எந்தப் பக்கமாகச் செல்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் உண்டு. அதைப் பெற்றுத் தரும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழக்கறிஞர்கள் அரசாங்க அமைப்புகளிடம் வழக்கமாக விசாரிப்பது பெரும்பாலும் ஆப்ஷன் பணம் கட்டிய பிறகுதான். வீட்டை நீட்டிக் கட்டும் எண்ணம் இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் அறை. மாடிப்படி ஏற முடியாது என்பதால் தாத்தா பாட்டிக்குக் கீழ்த்தள அறையை ஒதுக்குவது வழக்கம். ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் மேலேறி, இருப்பதிலேயே தாழ்வான வாய் வழியாகத்தான் வெளிவரும். பல வீடுகளில் அது கீழ்த்தளக் குளியலறையின் தரைத்துவாரம். அந்த நீரில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் இருப்பதே தெரியாது, அந்தப் புண்ணில் கழிவுநீர் பட்டால் சீழ் பிடிக்கலாம்.

அப்படி நேர்ந்தால் நீங்களே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுவது மூத்தோருக்குக் கிருமியைவிடப் பெரிய ஆபத்தாகிவிடலாம். சுத்தம் செய்பவர் ரப்பர் காலணியும் கையுறையும் அணியட்டும். குளோரின் பிளீச்சைக் கழிவறை கழுவும் வேறு திரவத்தோடு கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கழிவுநீர் பட்ட உணவைத் தூக்கி எறியுங்கள். மேன்ஹோல் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், பேரப்பிள்ளைகளையும் திறக்க விடாதீர்கள். உள்ளே தேங்கும் வாயு ஆளையே மயக்கிவிடும்.

முடிந்தால் பலத்த மழைக்குப் பிறகு ஒருமுறை வீட்டைப் போய்ப் பாருங்கள். இங்கே மழைநீருக்குத் தனி வடிகால் உண்டு. அது கழிவுநீர்க் குழாயில் சேரக் கூடாது. மழை பெய்ததும் மூடியோரம் நீர் கசிந்தால் எங்கோ தவறு இருக்கிறது. விடாத நாற்றம், மூடியைச் சுற்றி விரிசல், அளவுக்கு மீறிய கரப்பான்பூச்சி, அருகிலேயே பெரிய மரம் (வேர் பழைய களிமண் குழாய்க்குள் நுழைந்துவிடும்) ஆகியவற்றையும் பாருங்கள். வீட்டுக்கு வெளியே சமையலறை நீர் விழும் தொட்டியில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடலாம். அதற்குக் கொசு புகாத மூடி போடுங்கள். நாற்றம் எப்போதும் பெரிய பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் தரைத்துவாரத்து நீர் வற்றியிருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

பொதுக் குழாயைப் பராமரிப்பது கழகத்தின் பொறுப்பு. உங்கள் வீட்டிலிருந்து அதில் போய்ச் சேரும் குழாய் உங்கள் பொறுப்பு. அதில் அடைப்பென்றால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். சமையல் எண்ணெயையும் ஈரத் துடைதாளையும் அதில் போடாதீர்கள். மேன்ஹோல் பொங்கி வழிந்தால், இரவு பகல் எந்நேரமும் பொதுப் பயனீட்டுக் கழகத்தை 1800-2255-782 என்ற எண்ணில் அழைக்கலாம்.