மூக்கில் குழாய் வைத்தால் கடைசிக் காலமா?

"குழாய் வச்சா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்!" பீடிப் புகையாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டுப்போன பலர் இப்படிப் பயந்து ஆக்சிஜனை மறுக்கிறார்கள். "பழகிட்டா விட முடியாதாமே" என்பார்கள். அது போதைப் பொருளல்ல.

இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்கள் தினமும் 15 மணி நேரமாவது வைத்துக்கொண்டால் ஆயுள் நீளும் என்று 1981-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இரைப்பு உடனே நின்றுவிடாது. "ஒண்ணும் பிரயோஜனமில்லே" என்று கழற்றிவிடுவது அதனால்தான். விருந்தாளி வந்தால் வெட்கப்பட்டுக் கழற்றும் பெண்களும் உண்டு. "இருக்கட்டும் புள்ளே" என்று கணவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

டாக்டர் வைத்த அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். குழாயோடு அடுப்பு, பீடி, விளக்குப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். சமையலை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.